ஏற்றிய மரத்தை இறக்கிய நாள்

கிரேன் வாங்கப் போகிறோம் என்று யோசனை கேட்க வருகிற தம்பிகள், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஒரு கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள். "அண்ணாச்சி, எத்தனை டன் வாங்கலாம்?" பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வருவதற்கு முன்பே எத்தனை பவுன் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. கேட்க வேண்டியதுதான். ஆனால் அதுவா முதல் கேள்வி?

நான் சங்கரன்கோவிலில் ஒரு வாள்பட்டறையில், அதாவது மரம் அறுக்கிற மில்லில், வெளிவேலை மேற்பார்வை பார்த்தவன். மரம் எங்கே விலைக்கு வருகிறதோ அங்கே போய்ப் பார்த்து, வெட்டி, ஏற்றி, பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். சட்டைக் காலர் கசங்காத வேலைக்கு மகன் போவான் என்று நம்பியிருந்தார். நான் மரத்தூளோடு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். எனக்கோ அந்த வேலை பிடித்துப் போயிற்று. அந்த வட்டாரத்தில் மரம் ஏற்றுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் இருந்திருந்தால், அவனை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

எழுபதுகள் முடிகிற வரைக்கும் எங்களிடம் கிரேன் கிடையாது. ஏற்றுக்காரர்கள் எட்டுப் பேர். சாய்த்து வைக்க இரண்டு வைரம் பாய்ந்த கழிகள், வடம், சங்கிலி, கடப்பாரை, அவ்வளவுதான் தளவாடம். அவர்களுக்குத் தலைவன் மாடசாமி. கையும் பெரிசு, வாயும் பெரிசு. ஆனால் வேம்பும் புளியும் பருமனாக வரத் தொடங்கியபோது ஆட்களின் இடுப்பு ஒவ்வொன்றாக விழுந்தது. இரண்டு பேர் படுத்துவிட்டால் அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் வாள் சும்மா நிற்கும். ஒரு கிரேன் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எங்கள் முதலாளி நல்ல மனுஷர். ஒரே பலவீனம், பெரிசாக எதைப் பார்த்தாலும் மயங்கிவிடுவார். வீட்டில் பெரிய ரேடியோ, பெரிய நாய், முகத்தில் பெரிய மீசை. பட்டாளத்தில் கழித்துப் போட்ட கிரேன் ஒன்று மதுரையில் ஏலத்துக்கு வருகிறது என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு அன்று முழுக்க அதே பேச்சு.

"யானை வே, யானை. நம்ம பட்டறை வாசல்ல நின்னா ஊரே திரும்பிப் பாக்கும்" என்றார்.

"யானையக் கட்டுறதுக்கு எடம் இருக்கு மொதலாளி. நடத்திட்டுப் போறதுக்கு வழி இருக்கா?" என்று கேட்டேன்.

மீசை துடித்தது. பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டேன் அல்லவா. அப்படியென்றால் நீரே ஒன்றைச் சொல்லும், ஆடித்தபசுத் திருவிழா முடிகிற வரைக்கும் பொறுத்திருக்கிறேன், அதற்குள் சொல்லாவிட்டால் யானைதான் என்று சொல்லிவிட்டார்.

நான் ஒரு கேட்லாக்கையும் புரட்டவில்லை. சைக்கிளில் ஒரு கடப்பாரையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். முந்தைய சில வருஷங்களில் எங்கெங்கே மரம் எடுத்தோமோ அந்த இடங்களுக்கெல்லாம் திரும்பவும் போனேன். ஊர்க்காரர்கள், மரம் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து மோர் கொடுத்தார்கள். வழியைப் பார்க்க வந்தேன் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு தெருமுனை. அங்கே திரும்பும்போது எங்கள் வண்டியில் நீட்டிக்கொண்டிருந்த மரத்தின் வால், ஒரு டீக்கடைப் பெஞ்சை அதில் உட்கார்ந்திருந்தவரோடு சேர்த்து நகர்த்தியது. நல்லவேளை, அவர் கையிலிருந்த டீகூடச் சிந்தவில்லை. மர வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் முதுகில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதேதான்.

குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கம் போனால் கதையே வேறு. நாங்கள் செவல், அதாவது செம்மண்ணுக்காரர்கள். எங்கள் மண்ணில் மழை பெய்தால் தண்ணீர் உறிஞ்சிப் போய்விடும், மறுநாள் லாரி போகலாம். கரிசல் அப்படியல்ல. கோடையில் ஆட்டுக்கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கல்லாகக் கிடக்கும். மழை விழுந்தால் பசை. அதிலும் மோசம், மழை நின்று வெயில் பட்ட மறுநாள். மேலே மெல்லிசாகப் பொருக்குக் காய்ந்து தரை மாதிரி தெரியும். அடியில் களி. செவல் மண்ணுக்காரன் ஏமாறுவதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். அதனால்தான் கடப்பாரை கொண்டுபோனேன். காலால் மிதித்துப் பார்ப்பது வேலைக்கு உதவாது. கடப்பாரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

சுற்றி முடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. நாம் தூக்கப்போகிற மரங்களிலேயே பெரிய மரம் எது என்று பார்த்து கிரேன் வாங்கக்கூடாது. நாம் போகப்போகிற வழிகளிலேயே மோசமான வழி எது என்று பார்த்து வாங்க வேண்டும். அந்த ராணுவ யானை இளையரசனேந்தல் வண்டிப்பாதையில் முதல் கல்பாலத்தைத் தாண்டியிருக்காது.

கோவில்பட்டியில் ஒரு இரும்புப் பட்டறைக்காரர் இருந்தார். பேர் வேண்டாம், அவர் பேரன்மார் இப்போது உங்களோடு தொழிலில் இருக்கிறார்கள். முன்கோபி. பிடிக்காத யோசனை சொன்னால் கையில் இருப்பதைத் தூக்கி எறிவார். தன்னைப் போல வெல்டிங் வைக்கத் திருநெல்வேலி ஜில்லாவிலேயே ஆள் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். நான் போய், எங்கள் பெரிய தடி, அதாவது கிளை கழித்த அடிமரம், இத்தனை கனம், அதைத் தூக்குகிற மாதிரி இலேசாக ஒன்று வேண்டும் என்றேன். அவர் கையில் ஸ்பானர் இருந்தது. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"மரத்த முழுசாத் தூக்கணும்னு ஒமக்கு எவன் வே சொன்னான்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு முனையைத் தூக்கி, டிராக்டர் இழுக்கிற டிரெய்லரின் பின்பக்க உருளைமேல் வைத்துவிட்டால் போதும். மறுமுனை தரையிலேயே இருக்கலாம். அப்புறம் தூக்கின அதே கம்பி வடத்தை மாட்டி இழுத்தால் மரம் உருளையில் ஏறி உள்ளே வந்துவிடும். பாதிக் கனம் தூக்குகிற கிரேன் முழு மரத்தையும் ஏற்றும். மிச்சத்துக்குக் கடப்பாரையோடு ஆள் நிற்க வேண்டும்.

ஆக, டிரெய்லர்மேலேயே ஒரு தூண், அதில் சுழல்கிற ஒரு கை, வடத்தைச் சுருட்டக் கையால் சுற்றுகிற வின்ச். நாலு சக்கர டிரெய்லர் தனியாக நிற்கும், வசதிதான். ஆனால் திரும்பும்போது முன்சக்கரம் காட்டை, அதாவது புஞ்சை நிலத்தை, உழுதுவிடும். இரண்டு சக்கரம் போதும், சக்கரம் மட்டும் லாரி டயராக அகலமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. அவர் பலத்துக்காக ஒரு இரும்பைச் சேர்ப்பார். நான் போய் எடுக்கச் சொல்வேன். நீர் சேர்க்கிற ஒவ்வொரு இரும்பையும் நான் காடு காடாக இழுத்துக்கொண்டு அலைய வேண்டும் என்பேன். ஒரு நாள் ஸ்பானர் பறந்தது, என்மேல் படவில்லை.

முதலாளிக்கு வண்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போயிற்று. இது என்ன வே, யானை கேட்டால் ஆட்டுக்குட்டி கொண்டுவந்திருக்கீர் என்றார். கடைசியில் ஒரே ஒரு ஆசையைச் சொன்னார். சக்கரத்துக்கு மேலே மட்கார்டு வேண்டும், அதில் பட்டறைப் பேரும் ஒரு தாமரைப் பூவும் எழுத வேண்டும். கரிசலில் டயரோடு மண் அப்பிக்கொண்டு வரும், மேலே மூடி இருந்தால் அடைத்துக்கொள்ளும், வேண்டாம் என்று நானும் சொன்னேன், பட்டறைக்காரரும் சொன்னார். பேர் எழுத இடம் இல்லாத வண்டி எனக்கெதற்கு என்று கேட்டுவிட்டார். வண்டி அவருடையது. மட்கார்டை வெல்டிங் வைத்தே மாட்டினார்கள்.

மாடசாமி அந்தக் கிரேனுக்கு "ஏத்தம்" என்று பேர் வைத்தான். அவனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "ஏத்தம் வந்துட்டு. இனும எங்களுக்கு இங்கன என்ன சோலி?" என்று கேட்டான். இது பாதிதான் தூக்கும், பாதி நீங்கள்தான் என்றேன். நம்பவில்லை. ஆனால் வேலைக்கு வரும்போது பழைய சங்கிலியையும் வடத்தையும் எடுத்துக்கொண்டே வந்தான். அது எதற்குச் சுமை என்று முதலாளி கேட்டபோது காது கேட்காதவன் மாதிரி இருந்துகொண்டான்.

இனி அந்த வேப்பமரத்துக்கு வருகிறேன்.

இளையரசனேந்தல் பக்கம் சீனியம்மாள் என்று ஒரு சம்சாரி, விவசாயம் பார்க்கிறவள். வீட்டுக்காரர் ஆட்டுக்கிடையோடு செவக்காட்டுப் பக்கம் போயிருந்தார். காடு கரையெல்லாம் இந்த அம்மாள் பொறுப்பு. ஆடிக் காற்றில் அவளுடைய காட்டின் நடுவில் நின்ற வேம்பு வேரோடு சாய்ந்துவிட்டது. நல்ல முற்றிய மரம். நாங்கள் பேசி முடித்துக் கிளைகளைக் கழித்து விட்டோம். தடி மட்டும் கிடந்தது. எடுக்கப் போக நாள் தள்ளிப்போய்ப் புரட்டாசி வந்துவிட்டது. அவள் ஆள் அனுப்பினாள்: காடு உழுது கிடக்கிறது, அடுத்த மழை விழுந்ததும் பருத்தி விதைக்க வேண்டும், அதற்குள் உங்கள் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரிக் காடு. விதைப்புக்கு ஒரு மழைதான் வரும், அந்த ஈரத்தை விட்டால் அந்த வருஷம் போச்சு. அவளுக்கு வேறு நிலம் கிடையாது.

நாங்கள் போனதற்கு முந்தின நாள் ஒரு தூறல். காலையில் சுள்ளென்று வெயில். முதலாளியும் ஜீப்பில் வந்திருந்தார், புது வண்டி பெரிய மரம் ஏற்றுவதைப் பார்க்க. காலி டிரெய்லர் காட்டுக்குள் சுகமாகப் போயிற்று. கடப்பாரையை இறக்கினேன், ஒரு சாண் போனது. காலி வண்டிக்குப் பரவாயில்லை, கனத்தோடு சந்தேகம் என்றேன். அதுதான் காய்ந்து கிடக்கிறதே என்றார் முதலாளி. மேற்கே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு விட்டால் அப்புறம் தை மாதம்தான். ஏற்றிப் பார்ப்போம், வண்டி அழுந்தினால் நான் சொல்கிறபடி கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏற்றினேன்.

ஏற்றுவது அவ்வளவு அழகாக நடந்தது. மாடசாமி கடப்பாரையோடு மரத்தின் வாலில் நின்றான். வின்ச்சின் பல் டக் டக்கென்று விழ, தடி உருளையில் ஏறி உள்ளே வந்து உட்கார்ந்தது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார். டிராக்டர் இழுத்தது. ஒரு இருபது கஜம் போயிருக்கும். டயரோடு எழும்பின களி மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றுவது நின்றுவிட்டது. டிராக்டர் உறும, டிரெய்லர் சுற்றாத சக்கரத்தோடு கலப்பை மாதிரி மண்ணைக் கிழித்துக்கொண்டு கொஞ்ச தூரம் இழுபட்டு நின்றது. இடிச் சத்தம் கேட்டது.

முதலாளி கத்தினார். ஊருக்குள் இன்னொரு டிராக்டர் இருக்கிறது, அதையும் முன்னால் கட்டு, சங்கிலி போட்டு ஒரே இழு, வெளியே வந்துவிடும் என்றார். அவர் சொன்னது நடக்காத காரியம் இல்லை. இரண்டு டிராக்டர் இழுத்தால் வந்துவிடும். ஆனால் பூட்டிக்கொண்ட சக்கரம், காட்டின் குறுக்கே வண்டிப்பாதை வரைக்கும் ஒரு வாய்க்காலே வெட்டிவிடும். அன்று மழை விழுந்தால் தண்ணீர் அந்தப் பள்ளம் வழியே ஓடும், மேல்மண்ணும் கூடவே போகும். சீனியம்மாள் பொழியில், வரப்பின்மேல், நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, ஏசவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, மரத்த எடுங்க, வேணாங்கல. என் காட்டக் கிழிச்சிராதிய. ராத்திரி மழ விழுந்தா நாளக்கி நான் வெதைக்கணும்."

தம்பிகளே, நெருக்கடி என்றால் என்ன என்று புத்தகங்களில் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது இதுதான்: பாடுபட்டு ஒன்றைச் செய்து முடித்திருப்போம், அதைக் கெடுத்தால்தான் மேலே போக முடியும் என்று ஆகிவிடும். கை வராது. அந்த மரம் ஏறி உட்கார்ந்த அழகு இன்னும் கண்ணில் இருக்கிறது.

"மரத்த எறக்கு" என்றேன்.

முதலாளியால் நம்ப முடியவில்லை. எதற்கு வே ஏற்றினோம் என்று கேட்டார். ஏற்றும் முன்பு நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், சீனியம்மாளைப் பார்த்தார், வண்டியை விட்டு ஒதுங்கி நின்றார். நான் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கிரேன் டிரெய்லர்மேலேயே இருந்ததால் வண்டி எங்கே மாட்டிக்கொண்டாலும் தன் சுமையைத் தானே இறக்கிக்கொள்ளும். டிராக்டரோடு சேர்ந்த கிரேனாக இருந்தால் அன்று கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருப்போம். தடியின் முன்முனையை வடத்தில் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளி, வாலைத் தரையில் ஊன்றி, மெதுவாக இறக்கினோம். தடி வண்டிக்குப் பின்னாலேயே மண்ணில் படுத்தது. டிரெய்லர் மூச்சு விட்டது போல் மேலே எழும்பியது.

அடுத்தது மட்கார்டு. மாடசாமி சம்மட்டியோடு முதலாளி முகத்தைப் பார்த்தான். தாமரைப் பூவில் பெயிண்ட் இன்னும் மினுமினுத்தது.

"அடி வே, என்னத்தப் பாக்குத?" என்றார் முதலாளி.

இரண்டு மட்கார்டும் போயிற்று. சக்கரத்தில் அப்பியிருந்த களியைச் சுரண்டி எடுத்தோம். டிராக்டரைக் கழற்றித் தனியாகப் பாதைக்கு அனுப்பிவிட்டேன். அது இழுத்தால் திரும்பவும் தோண்டும். எட்டுப் பேரும் நானும் டிரைவரும் ஏர்க்காலைப் பிடித்துக் காலி டிரெய்லரைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போய்ப் பாதையில் சேர்த்தோம். கிரேனோடு சேர்த்துத்தான். இலேசான வண்டி எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். யானை மாட்டினால் அதைத் தள்ள இன்னொரு யானை வேண்டும்.

இப்போது வண்டி பாதையில், மரம் காட்டில். வண்டி மரத்திடம் போக முடியாது என்றால் மரம் வண்டியிடம் வரட்டும். டிரெய்லரை டிராக்டரோடு பிணைத்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தாயிற்று. வின்ச்சின் கம்பி வடம் பாதித் தூரம்தான் எட்டியது. மாடசாமி தன் சங்கிலியையும் வடத்தையும் கொண்டுவந்து அதோடு முடிச்சுப் போட்டான். முதலாளி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெறும் மண்ணில் இழுத்தால் தடி மூக்கால் உழுதுவிடும். கீழே ஏதாவது விரிக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன். காட்டின் மூலையில் ஒரு பெரிய பருத்திமார்ப் படப்பு இருந்தது. போன வருஷப் பருத்திச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து அடுக்கியது. கரிசலில் அதுதான் விறகு. மழைக்காலம் முழுக்க அவள் அடுப்பு எரிய வேண்டியது. எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

நான் பார்த்த திசையை அவள் பார்த்துவிட்டாள். படப்புக்குப் போய் முதல் கட்டைத் தானே உருவித் தலையில் வைத்துக்கொண்டு வந்து தடிக்கு முன்னால் போட்டாள். அப்புறம் முதலாளியிடம் திரும்பினாள்.

"நீங்களும் ஒரு கட்டு தூக்குங்க மொதலாளி. மழ வருது."

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தூக்கினார். ஒரு கட்டு அல்ல, கடைசி வரைக்கும் தூக்கினார். பெரிய உடம்புக்கு அன்றுதான் வேலை வந்தது என்று மாடசாமி என் காதோடு சொன்னான். நான் சிரிக்கவில்லை, வின்ச் கைப்பிடி என்னிடம் இருந்தது. பருத்திமார் விரித்த தடத்தில், இரண்டு பக்கமும் கடப்பாரைகள் தாங்க, தடி மெல்ல நகர்ந்து வந்தது. அது கடந்த பிறகு பின்னால் கிடந்த பருத்திமாரை எடுத்து முன்னால் போட்டார்கள். பாதைக்கு வந்து, முனையைத் தூக்கி உருளைமேல் வைத்து, இழுத்துச் சங்கிலி போட்டு முடுக்கும்போது பெரிய சொட்டுகளாக விழுந்தன. காட்டுக்குள் ஒரு சக்கரமும் இல்லை.

மறுநாளே முதலாளி ஒரு லோடு கழிவு விறகை அவள் வீட்டில் இறக்கச் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன். மட்கார்டைப் பற்றி அதன்பின் ஒருவரும் பேசவில்லை. மதுரை யானையை யாரோ ஏலத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கார்த்திகையில் அந்தப் பக்கம் ஒரு புளியமரம் பார்க்கப் போனவன், சைக்கிளைப் பொழியில் சாத்திவிட்டு சீனியம்மாள் காட்டைப் பார்த்தேன். பருத்தி முழங்கால் உயரம் நின்றது. வண்டி இழுபட்ட இடத்தை மண்வெட்டியால் மூடி அதிலும் விதை போட்டிருந்தாள், முளைத்திருந்தது. மரத்தை நாங்கள் இறக்கி வைத்த இடத்தில் மட்டும் மண் இறுகிக் கட்டில் அகலத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. களை எடுத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து நிமிர்ந்தாள். அந்த வெறும் இடத்தைப் பற்றி நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தென்னங்கோட்டையில் இருந்து ஒரு மரவியாபாரி நேற்று வந்துபோனானாம், அவளுடைய காட்டு மூலையில் நிற்கிற வாகையை நல்ல விலைக்குக் கேட்டானாம்.

"குடுத்துட்டியா தாயி?" என்று கேட்டேன்.

"எந்த வண்டில எடுப்பேன்னு கேட்டேன். லாரில எடுப்பேன்னான்" என்றாள். "போயிட்டு வாப்பான்னு சொல்லிட்டேன். தை பெறந்ததும் நீங்க வந்து எடுத்துக்கோங்க."